சிற்றலையில் வந்த சளி

வெளிநாட்டு வானொலி ஒன்றின் தமிழ்ப் பிரிவுக்கு நான் நிருபராக இருந்த காலத்தில், நேயர்கள் என்னைக் கோட்டும் டையுமாகக் கற்பனை செய்திருப்பார்கள். பின்னணியில் புகை எழும் நகரம் வேறு. அந்தக் கற்பனையைக் கலைக்க எனக்கும் மனம் வந்ததில்லை. உண்மையில் பெரும்பாலான செய்திகளை விடுதிக் கட்டிலில், பனியனோடு, தலையோடு கம்பளிப் போர்வையை மூடிக்கொண்டுதான் வாசித்தேன். விடுதி அறைகள் எதிரொலிக்கும். போர்வைக்குள் புகுந்தால் குரல் அடங்கி வரும். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். ஆட்சிகள் கவிழ்ந்ததை எல்லாம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே டார்ச் விளக்கை இடுக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உலகத்துக்கு அறிவித்திருக்கிறேன்.

மனைவி சொந்த ஊரில், கோட்டாற்று வீட்டில் இருந்தாள். அடுக்களை ரேடியோவில் தவறாமல் கேட்பாள். நான் தங்கியிருந்த வளைகுடா நகரத்துக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் கையில் ஒரு பொட்டலம் வரும்: சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி. என் அலமாரியைத் திறந்தால் கோட்டாற்றுக் கடைத்தெரு மணக்கும். ஒருமுறை நானே எடுத்துப் போனபோது ஒரு சுங்க அதிகாரி சந்தேகப்பட்டுச் சுக்கைக் கடித்துப் பார்த்து, கண் கலங்கி என்னை அனுப்பி வைத்தார். போனில் பேசினால் அவளுடைய முதல் கேள்வி, “தொண்டை எப்படி இருக்கு?” என் தொழில்மேல் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போவேன்.

போன மாதம் அந்த வானொலி தன் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்துவதாக முடிவு செய்தது. கடைசி நாளில் ஒலிபரப்ப, பழைய நிருபர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி அனுப்பவேண்டும். ஓய்வுபெற்றுக் கோட்டாற்றுக்கே திரும்பிவிட்ட நான், நேயர்களிடம் இன்னொரு தடவை பேச வாய்ப்பு வரும் என்று நினைக்கவே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாகவேண்டும். கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, பழக்கதோஷத்தில் போர்வைக்குள் புகுந்தேன். எத்தனை முறை வாசித்தாலும் கடைசி வரியில் குரல் நின்றுவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த மனைவி போர்வையை இழுத்தாள்.

“எம்மா! காய்ச்சலா? உச்ச வெயில்ல எதுக்கு மூடிக் கிடக்கிய?”

“ரேடியோவுக்கு வாசிக்கேன்.”

“போர்வைக்குள்ளயா?”

“எப்பவும் இப்படித்தான வாசிப்பேன்.”

அவள் முகம் மாறியது. “அந்தக் காலத்துலயுமா?”

“ஆமா.”

“அப்போ ஒங்களுக்குச் சளி இல்லியா?”

“எந்தச் சளி?”

“நல்ல மனுசன்! ரேடியோல மூக்கடைச்சமாதிரில்லா பேசுவிய! போன்ல தெளிவா இருக்கும். சரி, சுக்கு வேல செஞ்சிருக்குன்னு அடுத்த பொட்டலத்தக் கெட்டுவேன். கலவரம் நடக்க ஊர்ல இவரு சளியோட அலையுதாரேன்னு நான் ஒறங்காம கெடந்தேன்!”

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு அவளே பொறுப்பேற்றாள். போர்வையை மடித்து வைத்தாள். சன்னலைச் சாத்தப் போனவள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: “ஏட்டி, மிக்சிய நிறுத்து! இவரு பேசப்போறாரு!”

“அண்ணன் எப்பதான் பேசாம இருந்தாரு?” என்று பதில் வந்தது. மிக்சி நின்றது.

கட்டில் ஓரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “உலகத்துக்கெல்லாம் நிறையச் சொல்லியாச்சு. இப்ப எங்கிட்டச் சொல்லுங்க.”

சொன்னேன். எத்தனையோ நகரங்களின் பெயரைச் சொல்லிச் செய்தியை முடித்தவன், முதல்முறையாக “கோட்டாற்றிலிருந்து” என்று முடித்தேன். குரல் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அந்த வானொலியிலிருந்து ஓர் இளம் பெண் தயாரிப்பாளர் அழைத்தார். “நல்லா வந்திருக்கு ஐயா. ஆனா கடைசி வரியில... உங்களுக்குச் சளியா?”

“ஆமாம்மா, கொஞ்சம்” என்றேன்.

போனைக் கீழே வைப்பதற்குள் அடுக்களையில் சுக்கு இடிபடும் சத்தம் கேட்டது.