தம்பி ஓட்டிய டிராம்

நான்கு வயது நெருங்கும்வரை என் தம்பியின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். அடுக்களையில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் வாசலிலிருந்து ஓடி வருவான். பேச்சுதான் இல்லை. அவன் கை நீட்டுவதைப் பார்த்தே தண்ணீரா, பிஸ்கட்டா, தூக்கமா என்று நான் சொல்லிவிடுவேன். ஏழு வயதில் வீட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அது. அதில் எனக்கு நிறையப் பெருமை.

எங்கள் வீடு பினாங்கில், தத்தோ கிராமாட் சாலையை ஒட்டி இருந்தது. கப்பல்துறை ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் டிராம் எங்கள் வாசலைக் கடந்துதான் போகும். தம்பிக்கு டிராமைக் கண்டால் சோறு தண்ணீர் வேண்டாம். தண்டவாளம் அதிரும்போதே வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். டிராம் மறைந்த பிறகும் நிற்பான்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அந்தச் சமயம் ஊருக்குக் கப்பலேற இருந்தார். நாகப்பட்டினத்தில் நல்ல வைத்தியர் இருக்கிறார், பையனைத் தன்னுடன் அனுப்பிவிடு, பேச்சு வரும்வரை தன் வீட்டிலேயே வளரட்டும் என்றார். கெட்ட எண்ணமில்லை. அண்ணன் பேச்சைத் தட்டியறியாத அப்பா சரி என்றுவிட்டார்.

மறுநாள் அம்மா மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டிகளைக் கூடத்தில் வரிசையாக வைத்தாள். முன்னால் அம்மா, நடுவில் தம்பி, கடைசியில் நான். பித்தளைத் தட்டில் கரண்டியால் தட்டினால் மணி. "டிராம் போ" என்று சொல்லி அம்மா உடம்பை ஆட்ட, நாங்களும் ஆடுவோம். கொஞ்சம் ஓடியதும் நிறுத்திவிட்டு, திரும்பி அவன் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருப்பாள். அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான், அழுதான். எனக்குப் பொறுக்கவில்லை.

"போகச் சொல்றாம்மா."

"நீ சொல்லாதே. எல்லாத்தையும் நீயே சொல்லிட்டா அவன் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

அன்றோடு என் உத்தியோகம் போயிற்று.

முதலில் "ம்" என்றான். அதற்கே டிராம் ஓடியது. பிறகு உதட்டைக் குவித்து "ப்ப்" என்றான். ஒரு மழைநாளில், தெளிவாக, "போ" என்றான். அம்மா ஓட்டிய வேகத்தில் பெட்டி கவிழ்ந்து மூவரும் தரையில் கிடந்தோம்.

அப்பா சொல்லிப் பெரியப்பா வந்தார். பேர் என்ன என்று கேட்டார்; தம்பி என் பின்னால் ஒளிந்தான். "பெத்தவளுக்கு அப்படித்தான் காதுல விழும்" என்றார் பெரியப்பா, இரக்கத்தோடுதான். கதவுக்குப் பின்னால் நின்றே அவருக்குப் பதில் சொல்லிப் பழகிய அம்மா கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, அந்த முன்பெட்டியில கொஞ்சம் உட்காருங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பின்பெட்டியில் தம்பி ஏறினான். அம்மா மணி அடித்தாள். பெரியப்பா அசையவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தம்பி அந்த அகன்ற முதுகைக் கொஞ்சநேரம் பார்த்தான். இரண்டு கையாலும் தள்ளினான்.

"போ."

பெரியப்பாவைப் பார்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"போறேன்டா" என்று சொல்லி மெல்ல உடம்பை ஆட்டத் தொடங்கினார்.

கப்பல் புறப்பட்ட அன்று அவரை வழியனுப்பிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து, "அண்ணன் தனியாவே கப்பல் ஏறிட்டாரு" என்றார். அம்மா அடுக்களைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். தம்பி போகச் சொன்னதால்தான் பெரியப்பா போய்விட்டார், அந்த வருத்தம்தான் அம்மாவுக்கு என்று நான் முடிவு கட்டினேன்.

"அழாதேம்மா. அவன் சின்னப் பையன்தானே, பெரியப்பா கோவிச்சுக்க மாட்டாரு. திரும்பி வந்துடுவாரு."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்; அழுகை இன்னும் கூடியது. பெரியப்பாவின் மேல் அவளுக்கு இத்தனை பாசம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.