அமரர் என்று எழுதிய பலகை

காலையில் பால் விடாத பிளேன்ரீயைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல்களைத்தான். கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, போனவர் எந்த ஊர், பிள்ளைகள் எந்த நாட்டில், தொடர்புக்கு யாருடைய இலக்கம் என்று பார்ப்பேன். "இஞ்சாருமப்பா, விடியக்காலமை முழிக்கிறதுக்கு உமக்குச் செத்த ஆக்களின்ரை முகம்தானோ கிடைச்சது?" என்று கணவர் கேட்பார். வளாகத்தில் எனக்கு வைத்திருக்கிற பட்டம் 'எமன்ரை கிளாக்கர்', எமனுக்குக் கணக்கு எழுதுகிறவளாம். நேரே சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

நான் கணக்கியல் விரிவுரையாளர். அதோடு எங்கள் பல்கலைக்கழக வளாகத்தின் நிலைநிதிக்கும் பொறுப்பு. அந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. ஒரு கூட்டத்தில் சும்மா இருக்க ஏலாமல் ஏதோ குறை சொன்னேன், "அப்ப நீங்களே பாருங்கோ" என்று தலையில் கட்டிவிட்டார்கள். நிலைநிதி என்றால், வருகிற நன்கொடையைச் செலவழிக்காமல் வங்கியில் போட்டு வைப்பது. வட்டியில் மட்டும்தான் கை வைக்கலாம். வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் குளத்தின் துருசுக் கதவைத் திறக்கிறோம், குளக்கட்டை வெட்டுவதில்லை அல்லவா, அதே மாதிரி. அந்த வட்டியில்தான் வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை போகிறது.

வட்டி வீதம் விழுந்ததும் எங்கள் துருசிலும் தண்ணீர் வற்றிவிட்டது. கண்டாவளையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, வெள்ளத்தில் தகப்பனின் நெல் முழுதும் அழுகிப்போனதால் படிப்பை விட்டுவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகப்போவதாக என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். என்ன கோதாரிக்கு இவள் சிரிக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "கொஞ்சம் பொறும் பிள்ளை, நான் ஒரு வழி பாக்கிறன்" என்றேன்.

வழி என்றால் இதுதான். எங்கள் சனம் உயிரோடு இருக்கிறவர் பெயரில் லேசில் பணம் தராது, செத்தவர் பெயரில் அள்ளித் தரும். கோயில் மின்விசிறியைப் பாருங்கள், சுடலை மடத்தில் குந்துகிற வாங்கைப் பாருங்கள், 'அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக' என்று இருக்கும். விசிறி சுற்றினால் தகப்பனின் பெயர் தெரியாது என்று, வியர்த்து வழிந்துகொண்டு அதை நிறுத்தி வைத்த மகனையும் நான் கண்டிருக்கிறேன். இந்தக் குணத்தை வைத்துத்தான் நான் நிதியை வளர்த்தேன். அதற்கு நேரகாலம் இருக்கிறது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு முன்னர் தொலைபேசி எடுத்தால் அழுவார்கள். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆளாளுக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு எடுத்தால், "பாப்பம் மிஸ்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எடுக்க வேண்டும். மனம் இளகியிருக்கும். சீ, இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அப்படித்தான் கனடாவில் இருக்கும் ஒருவருக்கு எடுத்தேன். இறந்தவர் அவருடைய மாமனார். "மாமாவுக்குக் கோயிலிலை செய்யிறம் மிஸ்" என்றார். சரி, போயிற்று என்று நினைத்தேன். பிறகு அவரே, "தம்பியின்ரை பேரிலை செய்யலாமோ?" என்று கேட்டார்.

"ஏன் ஏலாது, தாராளமாச் செய்யலாம். தம்பி எப்ப மோசம் போனவர்?"

"கடைசிச் சண்டையிலை, மிஸ்."

வன்னியில் இந்தப் பதிலுக்குப் பிறகு ஒரு கேள்வி இருக்கிறது. உடம்பு கண்டனீங்களோ? பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற அறியாத மனிசியிடம்கூடக் குரலைத் தாழ்த்தி அதைக் கேட்போம். ஏனென்றால் உடம்பு காணாத வீட்டில் 'இருந்தவர்' என்று பேசக்கூடாது, 'இருக்கிறார்' என்றுதான் பேச வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை இது. நான் கேட்கவில்லை. அவர் சொன்ன தொகை பெரியது. கேட்டால் அது கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்தேன்.

"அம்மா உடையார்கட்டிலை தனிய இருக்கிறா" என்றார் அவர். "திறப்பு விழாவுக்கு அவாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கம்பஸ் எண்டால் அவாவுக்குச் சந்தோசம்."

"அவாவுக்கு விசயம் தெரியுமோ?"

"தம்பியின்ரை பேரிலை ஒரு உதவி எண்டு சொன்னனான்."

அந்த இடத்தில் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

பணம் வந்து சேர்ந்தது. நினைவுப் பலகைக்குச் சொன்னேன். பலகை அடிக்கிற கடையில் எல்லாம் தயாராக இருக்கும், 'அமரர்' என்ற சொல் கொம்பியூட்டரில் முன்கூட்டியே கிடக்கும், பெயரையும் படத்தையும் மட்டும்தான் மாற்றுவார்கள். கடைக்காரர் வட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பினார். மீசை அரும்புகிற வயதில் ஒரு பையன், சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நேரே பார்க்கிறான். நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைத் தட்டிவிட்டேன்.

விழாவன்று தாயைக் கூட்டிவர வளாகத்து வான் வண்டியில் நானே போனேன். அவா கேற்றடியில் புதுச் சேலையோடு ஆயத்தமாக நின்றா. வீட்டைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, என் பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டா. கை நன்றாகக் காய்த்திருந்தது.

"இண்டைக்கு நான் கொட்டிலுக்குப் போகேல்லைப் பிள்ளை. வராட்டி மற்ற மனிசியள் தேடுவினம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

கொட்டில் என்றால் தெருவோரத்தில் தகரம் போட்டு, காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வருசக்கணக்காகக் குந்தியிருக்கிற இடம்.

அவா நிறுத்தாமல் கதைத்துக்கொண்டு வந்தா. உயர்தரச் சோதனையில் மகன் எடுத்த பெறுபேற்றை, அன்றைக்குப் பக்கத்து வீடுகளுக்கு இவா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை, எல்லாம் சொன்னா. "அவனுக்குக் கம்பஸ் கிடைச்சது. போறதுக்குள்ளை இடம்பெயர்ந்திட்டம். பிறகு ஆமி கூட்டிக்கொண்டு போன பஸ்ஸிலை ஏறினவன், நான் கண்ணாலை கண்டனான்" என்றா. "கிராம விதானையார் எத்தினை தரம் வந்தவர் தெரியுமோ? மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு வருமாம். என்ரை பிள்ளை செத்ததெண்டு நான் ஒப்பம் வைக்கமாட்டன், போங்கோ எண்டு அனுப்பிப்போட்டன். பெரியவன் சொன்னான், கம்பஸ்காரர் இவனை மறக்கேல்லையாம். எனக்கு அது காணும்."

பிறகு ஏதோ யோசித்துவிட்டுக் கேட்டா. "பிள்ளை, அவன் இப்ப வந்தால் வயசு போட்டுது எண்டு சொல்லிச் சேர்க்காமல் விடுவினமோ?"

"வயசு ஒரு பிரச்சினையில்லை அம்மா" என்றேன். அவா திருப்தியோடு தலையை ஆட்டினா.

கைபேசி என் மடியில்தான் கிடந்தது. ஒரு அழைப்பு போதும். பலகையை இறக்குங்கோ, வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கோ என்று சொன்னால் யாராவது இறக்கியிருப்பார்கள். விசுவமடு போனது, பரந்தன் சந்தி போனது, நான் கைபேசியை எடுக்கவில்லை. அந்த விழாவைக் கனடாவிலிருந்து சூமில் மூத்த மகன் மட்டும் பார்க்கப் போவதில்லை, அவருடைய நண்பர்களும் பார்க்கப் போகிறார்கள். அவர்களும் தருவார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அவ்வளவு ஆசை எனக்கு.

விளக்கு ஏற்றினார்கள். அவாவின் கையால்தான் பலகையை மூடியிருந்த சீலையை இழுக்க வைத்தோம். பூமாலை போட்ட படம், அதற்குக் கீழே எழுத்து. அவாவுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். உதடு மெல்ல அசைந்தது, முதல் சொல்லிலேயே நின்றது. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். நான் சுவரில் சூம் ஓடிக்கொண்டிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தேன். மூத்த மகனின் முகம் இருந்த கட்டம் கறுப்பாகக் கிடந்தது, கமராவை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாயிடம் தன் வாயால் சொல்ல ஏலாததை எங்கள் பலகை சொல்லட்டும் என்று அவர் விட்டிருக்கிறார். நானும் வசதியாக அதற்கு உடந்தை.

அவா அழுது குழறுவா என்று எதிர்பார்த்தேன். குழறியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவா அப்படியே நின்றா. அந்த நேரம் பார்த்து, ஒன்றும் அறியாத கண்டாவளைப் பிள்ளை வந்து குனிந்து அவாவின் காலைத் தொட்டாள்.

"உனக்கோ மோனை காசு குடுக்கினம்?"

"ஓம் அம்மா. இல்லாட்டி நான் படிப்பை விட்டிருப்பன்."

அவா அவளின் நாடியைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினா. எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "பிள்ளை, உதிலை இருக்கிற அந்தச் சொல்லை அழிச்சால், இந்தப் பிள்ளையளின்ரை காசு நிண்டு போமோ?" என்று கேட்டா.

பணம் வங்கிக்குப் போய்விட்டது. அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. கடைக்காரரைக் கூப்பிட்டால் வந்து சுரண்டிவிட்டுப் போவார். ஆனால் பீடாதிபதி பக்கத்தில் நிற்கிறார், நன்கொடையாளர்கள் திரையில் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், விழா குழம்பிவிடுமே என்றுதான் எனக்கு ஓடியது.

"கொஞ்சம் கஷ்டம் அம்மா" என்றேன்.

அரசாங்கக் கந்தோர்க்காரர் சொல்கிற அதே சொல். அவா இன்னொரு தரம் அந்தப் பிள்ளையைப் பார்த்தா.

"அப்ப இருக்கட்டும்."

நிதி வளர்ந்தது. மூத்த மகனின் நண்பர்கள் தங்கள் தாய் தகப்பன் பெயரில் தந்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் தந்தார்கள். காத்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் உதவி கிடைத்தது. கூட்டத்தில் பீடாதிபதி என்னை எழும்பச் சொல்லிப் பாராட்டினார். பட்டம் வைத்தவர்களும் கை தட்டினார்கள். பிறகு ஒருநாள் மூத்த மகன் தொலைபேசி எடுத்தார். "அம்மா இப்ப அமைதி, மிஸ். விதானையாரிட்டையும் போய் ஒப்பம் வைச்சிட்டா. எங்களாலை செய்ய ஏலாததை நீங்கள் செய்தனீங்கள்" என்றார். நான் "பரவாயில்லை" என்றேன். அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்ததோ, எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவா பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து என் அறைக்கே வந்துவிட்டா. ஆள் இளைத்துப் போயிருந்தா. கதிரையை இழுத்துக் கொடுத்துத் தேத்தண்ணி எடுப்பித்தேன். ஏச வந்திருக்கிறா என்று நினைத்தேன். ஏசட்டும், வாங்கிக்கொள்வோம் என்று இருந்தேன்.

"நான் இப்ப கொட்டிலுக்குப் போறேல்லைப் பிள்ளை" என்றா. "ஒருத்தரும் என்னை வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. முந்தி மாதிரித்தான் தள்ளி இருந்து இடம் விட்டவை. எனக்குத்தான் அவன்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு அவைக்குப் பக்கத்திலை இருக்க ஏலாமல் போச்சு. வீட்டிலையும் இருக்க ஏலேல்லை. எங்கை போய் இருக்கிறது எண்டு தெரியேல்லை. அதுதான் அவன்ரை பேர் இருக்கிற இடம் எண்டு இஞ்சை வந்தனான்."

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நான் அண்டைக்குப் பொய் சொன்னனான்" என்றேன். "அந்தச் சொல்லை அண்டைக்கே அழிச்சிருக்கலாம். காசுக்கு ஒண்டும் நடந்திருக்காது. இண்டைக்கே அழிப்பிக்கிறன்."

அவா தேத்தண்ணியை மேசையில் வைத்தா. என்னை ஏசவில்லை. விளங்காத பாடத்தைப் பார்க்கிறது போல என்னைப் பார்த்தா.

"நீங்கள் அழிப்பியள் பிள்ளை. ஆனால் இருக்கட்டும் எண்டு நான் என்ரை வாயாலை சொல்லிப்போட்டனே. அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"