கருநாக்குக்காரியின் வசனம்

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கருநாக்கு என்று வீட்டில் சொல்வார்கள். நான் வாய்விட்டுச் சொன்ன கெட்டது பலித்துவிடுமாம். அப்படிப்பட்டவளுக்கு அமெரிக்காவில் வாய்த்த தொழிலைப் பாருங்கள். நாடகம் எழுதுவது. கெட்டது எதுவும் நடக்காமல் நாடகம் ஏது?

முதல் நாடகத்தை வெஸ்ட் வின்ட்சரில் இருந்தபோது எழுதினேன். சின்ன அரங்கம், பாதி நாற்காலிகள் காலி. கதையில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்து கல்யாண ஆல்பங்கள் ஊறிப்போகும். அந்த வருஷ மழையில் எங்கள் ஆல்பங்கள் ஊறிப்போயின. நியூ ஜெர்சியில் யார் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் தண்ணீர் வரவில்லை என்று சிரித்துத் தள்ளினேன். பிறகு கணவரின் வேலைக்காகத் தெற்கே இர்விங் என்ற ஊருக்குப் போனோம். அங்கே எழுதிய நாடகத்தில் ஒருவனை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, வேலை போய்விட்டதென்று சொல்லி, லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அது மேடையேறிய கொஞ்ச நாளில் என் கணவர் லேப்டாப் பை இல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

“இனிமே ஒரு காமெடி எழுதேன்,” என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

எழுதிய வசனத்தை உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். அன்றோடு அதை நிறுத்தினேன். வாயை மூடிக்கொண்டு எழுதியது எதுவும் பலிக்கவில்லை. மேடையிலும் எடுபடவில்லை.

அடுத்து அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் டப்ளினுக்குக் குடிவந்தோம். டிவி சீரிஸ் ஒன்றுக்கு எழுதும் வாய்ப்பு வந்தது. எங்கள் பழைய வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் காணாமல் போகும் ஒரு தமிழ்ப் பெண், பிளாட்பாரத்தில் நின்று அவளைத் தேடும் அம்மா. என் கதையில் பெண் திரும்பி வந்துவிடுவாள். வேறு மாதிரி எழுத எனக்குத் தைரியமில்லை. என் சொந்த மகள் அப்போது அந்தப் பக்கத்துக் கல்லூரியில்தான் படித்துக்கொண்டிருந்தாள், அதே ஸ்டேஷனில்தான் ரயில் ஏறுவாள். ஆனால் டிவியில் பலர் சேர்ந்து எழுதுவார்கள். பெயர் நம்முடையது, பிடி அவர்களுடையது. பெண் திரும்பி வரவே மாட்டாள் என்று மாற்றிவிட்டார்கள்.

ஷூட்டிங்குக்கு முன்னால் நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்ட் முழுவதையும் உரக்கப் படிப்பார்கள். அம்மாவாக நடிக்கவிருந்தவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் நடிகை. அவருடைய விமானம் தாமதமாகிவிட, அவர் பகுதியை என்னைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வசனம், ‘என் பொண்ணு இனிமே வரமாட்டா.’ அதை என் நாக்கால் சொல்ல முடியாது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரிப்டில் இல்லாததைச் சொன்னேன்.

“வீட்டுக்கு வாடி.”

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. காலியான பிளாட்பாரத்தைப் பார்த்து அம்மா அப்படிக் கூப்பிடுவதாக முடிவை வைத்துக்கொண்டார்கள். பெண் மட்டும் வரவில்லை.

வெளியே வந்ததும் மகள் போன் செய்தாள். சற்று முன் ஸ்டேஷனில் ரயில் ஏறப்போனபோது, பின்னாலிருந்து யாரோ தமிழில் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார்களாம். நான்தான் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறாள். யாருமில்லை. அதற்குள் ரயில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கருநாக்கு ஒருமுறையாவது நல்லதுக்குப் பலித்ததே என்று நினைத்தேன். அந்த ரயில் என்ன ஆனது என்று பயந்து பயந்து தேடிப் பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

சீரிஸ் வெளிவந்தபோது லீவுக்கு வந்திருந்த மகள் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசிக் காட்சியில் அந்த நடிகை என் வசனத்தைத் தன் யாழ்ப்பாணப் பேச்சில் சொன்னார்.

“வீட்ட வா பிள்ளை.”

மகள் என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, தட்ஸ் த வாய்ஸ். அன்னிக்கு ஸ்டேஷன்ல பிள்ளைன்னுதான் கூப்பிட்டாங்க. இட் வாஸ்ன்ட் யூ.”

அந்த நேரத்தில் நடிகை விமானத்தில் இருந்தார். அந்த வசனத்தை அவர் அப்போது பார்த்துக்கூட இருக்கவில்லை. கூப்பிட்டது அவரில்லை, நானும் இல்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இன்னும் ஒருத்திதான் உண்டு. என் கதையில் பெண்ணைத் தொலைத்துவிட்டு அந்தப் பிளாட்பாரத்திலேயே நிற்கும் அம்மா. அவளை அங்கே நிறுத்தியவள் நான். எந்த வீட்டுக்கு வரச்சொல்லி என் மகளைக் கூப்பிட்டாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மகள் கல்லூரிக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு காட்சி எழுதினேன். ரயில் வந்து நிற்கிறது. காணாமல் போன பெண் இறங்கி ஓடிவருகிறாள். அம்மாவும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டுப் போகிறார்கள். இதை யாரும் படமாக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும், பல வருஷங்களுக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். அவளுடைய பெண் அவளுக்குக் கிடைக்கட்டும். என் பெண்ணை விட்டுவிடட்டும்.