போலீஸ் சான்றும் எதிர்வீட்டு அத்தையும்

திருப்பதியில் நான் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்துக்கு ஆய்வு வருகிறது என்றதும், மேடத்துக்குத் திடீரென்று சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. "எல்லாரும் பத்து நாளுக்குள்ள போலீஸ் வெரிஃபிகேஷன் கொண்டாரணும். இல்லேன்னா வேலை லேது." எல்லாரும் என்றால் நாங்கள் நான்கு பெண்கள். தினமும் குழந்தைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றி இறக்கும் டிரைவர் அதில் சேர்த்தி இல்லை. அவர் மேடத்தின் தம்பி.

எனக்கோ அப்போது சட்டத்தின் மேல் அபார மரியாதை. குழந்தைகளைத் தொடுகிறவர்களை விசாரிக்காமல் விடலாமா என்று ஹாஸ்டலில் பிரசங்கமே செய்தேன். முதல் ஆளாக விண்ணப்பம் கொடுத்தேன். தமிழக-ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் கிராமத்து முகவரி, படிப்பு, திருப்பதி வேலை, ஹாஸ்டல் வாசம், ஒன்றையும் விடவில்லை. ஊருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் காக்கி போடாமல், வெள்ளைச் சட்டையில் பைக்கில் வந்தாராம். நைனா, அதாவது எங்கள் அப்பா, கரும்புத் தோட்டத்தில். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அத்தையிடம், "அம்மாயி எட்லாண்டிதி? திருப்பதியில வேலையாமே?" என்று கேட்டிருக்கிறார். பெண் எப்படி என்று வெள்ளைச் சட்டை வந்து கேட்டால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மாப்பிள்ளை வீடு. அத்தை காபி போட்டுக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினாள்.

"திருப்பதியா? யாரு சொன்னாங்க? அது சித்தூரையே தாண்டினதில்லீங்க. வூட்லயேதான் கீது."

அந்த மேதை அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். விண்ணப்பத்தில் உள்ளவை பொய். சான்று தர இயலாது.

ஊருக்கு ஓடி அத்தையிடம் கத்தினேன்.

"ஆஸ்டல்ல துன்னுகினு தூங்கிகினு கீதுன்னு சொன்னா எவன்டி கட்டுவான்? அந்தாளுக்கு ரெண்டாவது டம்ளர் வேற ஊத்துனேன்" என்றாள்.

மறுபடி விண்ணப்பித்தால் ஒரு மாதம் ஆகுமாம். மேடம் காத்திருக்கவில்லை.

"போலீஸுக்கே பொய் சொன்னவங்க கிட்ட பசங்கள எப்படிம்மா வுடறது?"

"டிரைவர் அண்ணனுக்குச் சான்று இருக்குதா மேடம்?"

"அவன் மன இன்ட்டி மனிஷி, நம்ம வூட்டு ஆளு. பொறந்ததுலேர்ந்து பாக்குறேன்."

என்னையும்தான் எதிர்வீட்டு அத்தை பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவள் பார்த்த லட்சணம்தான் போலீஸ் தாளில் இருந்தது.

அன்றே பெட்டியைக் கட்டினேன். காப்பகம் ஆய்வில் தேறியதாம். அதிகாரியை ரயிலடியிலிருந்து அழைத்து வந்தவர், கேட்க வேண்டுமா, அந்தத் தம்பிதான்.