இன்ஜினுக்கு எந்த ரப்பர்

எங்கள் காரில் நான் சல்லடையில் போட்ட உளுந்து மாதிரிதான் உட்கார்ந்து போவேன். மாமனார் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய காலத்தில் வாங்கிய கார் அது. இது நடந்த தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் அந்தப் பழைய மாடல் வேறு யாரிடமும் கிடையாது. அதில் என் வீட்டுக்காரருக்கு ஒரு கர்வம். எனக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.

மகளைச் சங்கரன்கோவிலில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குக் கூட்டி வரவேண்டும். கழுகுமலை வழியாக வருகிற அந்த ரோட்டில் குழிக்குப் பஞ்சமில்லை. பிள்ளைத்தாச்சியை இந்த ஆட்டத்தில் உட்காரவைத்தா கூட்டி வருவது? ஒன்று ஆட்டத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வாடகைக் கார் பிடியுங்கள் என்று கறாராகச் சொன்னேன். ஒரு தரம் இல்லை, நாலு தரம். நான் சொல்வது எதுவும் அவருக்கு உடனே ஏறாது. நூற்பு மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக அதிகாரம் பண்ணிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன். பெண்டாட்டி பேச்சுக்குப் பதில் சொன்னால் கிரீடம் இறங்கிவிடும் என்று நினைக்கிறார் போல என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் முகத்துக்கு நேரே போய் நின்று கத்தினேன். சம்பந்தி வீட்டுக்கு வாடகைக் காரில் போவது கௌரவக் குறைச்சல் என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் புறப்பட்டார். அவரை நம்பாமல் நானும் கூடவே போனேன்.

மெக்கானிக் எட்டயபுரம் ரோட்டில் தகரச் செட் போட்டிருந்தார். பானெட்டைத் திறந்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். இன்ஜின் நேராக இரும்புச் சட்டத்தில் உட்காராதாம். நடுவில் ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை தாங்கியிருக்கும். எங்களுடையது ஆயில் சொட்டிச் சொட்டி ஊறிப் பிய்ந்துபோய், இரும்போடு இரும்பு இடிக்கிறது. அந்தக் காருக்குக் கம்பெனி ரப்பர் இப்போது வருவதில்லை என்று, மதுரையிலிருந்து வாங்கி வைத்திருந்த ரெண்டு ஜோடியை எடுத்து வந்தார். ஒன்று லாரி டயர் மாதிரி கட்டி. வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் இன்ஜின் ஆடுகிறதில் பாதி உள்ளே வந்து சேரும். இன்னொன்று மெத்து. ஆட்டமே தெரியாது, ஆயில் பட்டால் மட்டும் சீக்கிரம் போய்விடும்.

கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி ரெண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மெத்து என்றேன். என் வீட்டுக்காரர் கட்டி என்றார்.

மெக்கானிக்குக்கே ஆச்சரியம். ஆயில் ஒழுகுவதையும் அடைத்துத் தருகிறேன், பிள்ளைத்தாச்சி வரப்போகிற வண்டி, அக்கா சொல்வதுதான் சரி என்று எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரரோ கட்டி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அசையவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"ஒங்களுக்கு மக பெரிசா, ரப்பர் பெரிசா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

அவர் ரப்பரை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் ரோட்டோரம் நின்றுகொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் நான் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் குடித்தேன்.

மெக்கானிக்கும் வேலையாட்கள் ரெண்டு பேருமாகச் சேர்ந்து மத்தியானத்துக்குள் மாட்டி முடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். ஒரு நடுக்கம் இல்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி அவர் பக்கம் திரும்பினேன். அவர் மறுபடியும் சாவியைத் திருப்பினார்.

ஓடுகிற இன்ஜினில் மறுபடி செல்ஃப் எடுத்தால் பல்சக்கரத்தோடு பல்சக்கரம் அறைகிற சத்தம் சாமான்யமாக இருக்காது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மெக்கானிக் ஓடி வந்து, "அண்ணாச்சி, வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் தரமும் திருப்பினார். அந்தச் சத்தத்துக்கு அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைக் காரின் தரையில் அழுத்திவைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். இன்ஜின் ஓடுகிறதா நிற்கிறதா என்று இத்தனை நாளும் அந்த ஆட்டத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். அதை நான் சண்டை போட்டுப் பிடுங்கிவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் நான் திட்டியதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அப்படித் தோன்றியதே வெட்கமாகவும் இருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தால் கேட்காத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை தரம் கழுகுமலைக்குப் போய் வந்திருக்கிறேன்! மகளை இவர் ஓட்டிக் கூட்டி வரக்கூடாது, அது அப்போதே முடிவாகிவிட்டது. காரே வேண்டாம் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

இறங்கிப் போய் மெக்கானிக்கிடம், "தம்பி, கட்டி ரப்பரையே மாட்டிருங்க. வண்டி இனி ஊருக்குள்ள மட்டுந்தான். மகளுக்கு நான் வாடகைக் கார் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அவர் பெஞ்சிலிருந்த கட்டி ரப்பரை எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் காருக்குள் இருந்தபடியே கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் குனிந்தேன். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே வாயைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு வருசமா எனக்குக் காது கேக்க மாட்டேங்கு. யார்ட்டயும் சொல்லிராத."

ரகசியம் என்று நினைத்து அவர் சொன்னது செட்டின் கடைசி மூலைவரைக்கும் கேட்டது. மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். வேலையாட்கள் ரெண்டு பேரும் நிமிராமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லமாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன்.