இது என்ன என்று கேட்ட புவனம் அக்கா

செய்தி வந்தது ஒரு புதன்கிழமை பின்னேரம். கொட்டாஞ்சேனை வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் மிஸிஸ் நிஸாம், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் புவனம் அக்காவின் எதிர்வீட்டுக்காரி. அக்கா போய்விட்டார் என்று அவர் சொல்லி முடிக்க முன்னரே, "விழுந்தவவோ? இல்லாட்டிக் காஸ் ஏதும் கசிஞ்சுதோ?" என்று கேட்டேன். அப்படி ஒன்றுமில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தபடியே போயிருக்கிறார், இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றார் அவர். எனக்கு அழுகை வரவில்லை. "அப்பாடா" என்றுதான் வந்தது. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மிஸிஸ் நிஸாம் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. நாற்பது வருடச் சிநேகிதி இறந்த செய்தியைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவளைப் பற்றி நல்லதாக நினைக்க வழியில்லை. அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் சொல்லாமல் அக்காவுக்கு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருடைய ஒரே மகன் ரமணனிடம் கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்கோ அன்ரி" என்று அவன் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

கோட்டையில் அந்தக் கப்பல் கொம்பனியில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் தட்டெழுத்தாளர்கள், அவர் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். ஒருநாள் மனேஜர், கடிதத்தின் நடுவில் தேவையில்லாமல் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது, திருப்பி அடிக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். அக்கா எழுந்தார். வரைபடப் பிரிவுக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடியை வாங்கி வந்து, அந்தப் புள்ளியின் மேல் பிடித்து, அது இலையான் பறந்துவந்து இருந்து போட்ட எச்சம் என்று மனேஜருக்கே காட்டினார். கடிதம் திருப்பி அடிக்கப்படவில்லை. எதையும் கிட்டப் பார்க்காமல் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு அப்போதே இருந்தது.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டு எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்த நாட்களில்தான் அக்காவுக்குப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அலுமாரிக்குள் கிடந்த அவருடைய கமராவை எடுத்து, லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டார். அப்படித் திருப்பினால் உப்புக்கல்லும் மாபிள் போலப் பெரிதாகத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறார். யன்னல்கட்டில் ஒரு பலகை, வெயிலை மென்மையாக்கக் கணவரின் பழைய வேட்டித் துண்டு, நிழல் விழும் பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான் ஸ்டூடியோ. உப்பு, சீப்பு, நெருப்புக்குச்சியின் தலை, தேங்காய் திருவும் அலகின் பற்கள், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு என்று வீட்டில் இருந்த ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவு கிட்ட எடுக்கும்போது ஒரு மயிரிழை விலகினாலும் படம் மங்கிவிடும். ஆகவே பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுப்பார். "இருபது எடுத்தா ஒண்டு சரிவரும், ஸ்டெல்லா. சீவியத்திலயும் அவ்வளவுதான்" என்பார்.

தொடர்மாடிக்குப் பின்னால்தான் கடற்கரை ரயில் பாதை. ஊரடங்கு எடுத்து ரயில் ஓடத் தொடங்கியதும் அக்காவுக்கு ஊரில் எல்லோருக்கும் வந்த சந்தோசம் வரவில்லை. ரயில் போகும்போது யன்னல்கட்டு அதிர்ந்து படம் ஆடிவிடும். அதனால் காலைப் புகைவண்டிகளின் நேரங்களைப் பாடமாக்கி, இரண்டு ரயிலுக்கு இடையில் படம் எடுத்தார். அந்த நேரத்தில் யாராவது தொலைபேசியில் கோல் எடுத்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

எடுத்த படத்தை எனக்கும் கனடாவில் இருக்கும் ரமணனுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவார். கூடவே குரல் பதிவு ஒன்று வரும்: "இது என்ன? சொல்லு பாப்பம்." நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. பல்துலக்கியைப் புல் என்றேன். பப்படத்தை நிலா என்றேன். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, வீடு கூட்டும் தும்புத்தடியைக் கொழும்புத் துறைமுகம் என்று அடித்துச் சொன்னார். ரமணனும் பகிடியாக ஏதாவது எழுதுவான். அது எங்கள் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

மூன்று வருடங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மீன் கட்லற் பொரித்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனேன். அப்போது கமராவை விட்டுவிட்டுத் தொலைபேசிக்கு மாறியிருந்தார். மகன் அனுப்பிய சின்ன லென்ஸ் ஒன்றை அதில் கொளுவிவிட்டு, யோகட் கப் ஒன்றின் அடியை வெட்டி, பொருளின் மேல் கவிழ்த்து, அதன் மேல் தொலைபேசியை வைத்து எடுப்பார். கப்பின் உயரம் லென்ஸுக்குச் சரியான தூரம். வெள்ளைக் கப்பின் ஊடாக வெளிச்சமும் இதமாக விழும். இருபது எடுக்கத் தேவையில்லை, ஒன்றே போதும். படம் கம்பி வழியாகப் பெரிய ரீவியில் விழும். அவர் குசினியில் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருக்க, நான் ரீவியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

முதலில் வழமையான படங்கள். பிறகு வந்தவை வேறு மாதிரி. மருந்துக் குளிசைகள், ஒவ்வொரு நாளும் அதே குளிசைகள். பால்மாப் பைக்கற்றில் திகதி அடித்த இடம். காஸ் அடுப்பின் திருகி. ஒரு பிடி அரிசி. மின்சார பில்லின் ஒரு மூலை. "அக்கா, இனி மின்சார பில்லையும் கலை எண்டு சொல்லப் போறீங்களோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை மெதுவாக, மேசையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"உம்மட ரெண்டு காதும் தெரியுது, ஸ்டெல்லா. மூக்குத் தெரியேல்லை" என்றார்.

கண்ணின் நடுப்பகுதி பழுதாகிக்கொண்டு போகிறதாம். ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. மருந்தால் திருப்ப முடியாது என்று கண் வைத்தியர் சொல்லி ஒரு வருடமாகிவிட்டதாம். படத்தை ரீவியில் பெரிதாக்கி, தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் எழுத்துப் பிடிபடும். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இப்போது எந்தக் குளிசை காலைக்கு, எது இரவுக்கு, அரிசிக்குள் வண்டு கிடக்கிறதா என்று பார்க்கும் வேலையாகிவிட்டது. ரமணனுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. சொன்னால் அடுத்த மாதமே விசா எடுத்து அனுப்புவான், பனிக்குள் அவனுடைய வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து யாருடைய காதைப் பார்ப்பது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த வீட்டில எனக்கு எல்லாம் எங்க இருக்கெண்டு தெரியும். அங்க போனா நான் உண்மையிலயே குருடி" என்றார்.

சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ரமணனிடம் வாயைத் திறக்கவும் இல்லை. அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் வெள்ளவத்தை எனக்கு அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது. காஸ் திருகியில் ரப்பர் வளையம் போட்டேன். படிக்கட்டின் கடைசிப் படியில் மஞ்சள் நாடா ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் மாலை கோல் எடுத்து "காஸ்?" என்று கேட்பேன். "அடைச்சாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். ஏதாவது நடந்தால் ரமணனின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம் என்னை விடவில்லை. அக்காவுக்கு நன்மை செய்கிறேனா, அவரைக் கொல்லப் பார்க்கிறேனா என்பது எனக்கே தெரியாத நாட்கள் உண்டு.

போன வருடம் ரமணன் இரண்டு கிழமை வந்து நின்றான். அவன் வருவதற்கு முதல் நாள் நாங்கள் இரண்டு கிழவிகளும் வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தோம். ரிமோட் இங்கே, சீனி அங்கே, சாமிப்படத்துக்கு முன்னால் நெருப்புப்பெட்டி. அக்கா பிசகவே இல்லை. மகனோடு போன சாப்பாட்டுக் கடையில் மெனு அட்டையைக் கொடுத்தபோது "எனக்கு வழமையானது" என்று மூடி வைத்துவிட்டாராம். அவன் திரும்பிப் போகும் நாள், வாசல் கேற்றடியில் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அன்ரி, அம்மாவுக்குக் கண் எப்பிடி?"

நான் திடுக்கிட்டுப் போனேன். திடுக்கிட்டவள் பேசாமல் இருந்திருக்கலாம். "அவவுக்கென்ன, ஊசிக்கு நூல் கோக்கிறா" என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டிவிட்டு வாகனத்தில் ஏறினான். எந்தப் பாவத்தையும் மாதா கோயிலில் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வரும் எனக்கு, அந்த ஒரு பொய்யை அவரிடம் ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை. அக்கா இருக்கும்வரைக்கும் அது நெஞ்சுக்குள் கிடந்தது.

இதுதான் அந்த "அப்பாடா"வின் கதை. படியில் விழவில்லை, அடுப்பு வெடிக்கவில்லை, குளிசை மாறவில்லை. அவருடைய கதிரையில், அவருடைய வீட்டில், ரயில் சத்தத்துக்கு நடுவில் போனார். டொக்டரிடம் நானே போய் இரண்டு தடவை கேட்டேன். குளிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அடுத்த நாள்தான் எனக்கு அழுகை வந்தது, வந்தது நிற்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, ரமணன் என்னை மறித்தான். அக்காவின் அறையில் இருவரும் இருந்தோம். அவன் தொடங்குவதற்கு முன் நான் தொடங்கிவிட்டேன். கண் போனது, நான் மறைத்தது, கேற்றடியில் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஏசப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தால் அவன் சிரிக்கிறான். கண்ணீரும் வருகிறது.

"எனக்கு முதலே தெரியும் அன்ரி" என்றான்.

அவன் இங்கே வந்து நின்றதற்கு முந்திய வருடம் ஒருநாள், வெள்ளையாக ஏதோ ஒன்றின் படம் வந்ததாம், வழமையான கேள்வியோடு. அவன் பகிடிக்குத் தேங்காய்ச் சொட்டு என்று எழுதினான். அக்கா உடனே கோல் எடுத்து, பகிடி விடாமல் எழுத்தைப் பார்த்துச் சொல்லு, அதை இப்போது விழுங்க வேண்டும் என்றாராம். அன்றைக்கே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு படத்துக்கும் அவன் பகிடி எழுதவில்லை. கனடாவில் காலையும் இரவும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி பதில் அனுப்பினான். அம்மா மறைக்க விரும்பினார், அதை நான் ஏன் பறிக்க வேண்டும் என்றான்.

"அப்ப ஏன் என்னட்டக் கேட்டனீர்?" என்றேன்.

"பக்கத்தில ஆரும் கவனிக்கினமோ எண்டு தெரியவேணுமெல்லோ. அம்மா ஒருநாளும் ஊசிக்கு நூல் கோத்ததில்லை அன்ரி. பட்டன் தைக்கிறதும் அப்பாதான். நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்ன உடன, உங்களுக்கும் தெரியும், நீங்கள் பாத்துக்கொள்ளுறீங்கள் எண்டு எனக்கு நிம்மதி. நீங்கள் 'அம்மா நல்லா இருக்கிறா' எண்டு மட்டும் சொல்லியிருந்தா, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி நின்றது இறங்கிய அந்த நிமிடத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தபோது அவனுடைய முகம் மாறியிருந்தது. அவனுக்கும் ஒன்று இருந்திருக்கிறது. தொலைபேசியை என்னிடம் நீட்டினான். இறந்த அன்று பகல் ஒரு மணிக்கு அக்கா ஒரு படம் அனுப்பியிருக்கிறார். கனடாவில் அது விடியாத நேரம். அவன் நித்திரை. அந்த நேரத்தில் அம்மா ஒருநாளும் அனுப்பியதில்லை என்றான். குரல் பதிவும் இல்லை. பேச முடியாமல் இருந்திருக்கிறார், ஏதோ மருந்தைத்தான் கேட்டிருக்கிறார், நான் எழும்பியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று எட்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பொன் நிறத்தில் வளைந்த சுவர், அதன் மேல் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள். ஓரிடத்தில் சுவர் உள்ளே மடிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவின் படம் ஒன்று எனக்குப் பிடிபட்டது.

அது கொக்கிஸ். முதல் நாள், செவ்வாய்க்கிழமை, நான் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. அரிசிமாவில் அச்சைத் தோய்த்து எண்ணெயில் விடும் பலகாரம். என்னுடைய பூ வடிவ அச்சு ஒருமுறை கீழே விழுந்து ஓரிதழ் வளைந்துவிட்டது. அதில் பொரிக்கும் ஒவ்வொரு கொக்கிஸும் அந்த இடத்தில் மடிந்துதான் வரும். டப்பாவைக் குசினியில் தேடி எடுத்து வந்து அவனுக்குக் காட்டினேன். நான் எண்ணி வைத்ததில் ஒன்று குறைந்திருந்தது.

"இது மருந்தில்லை, ராசா. அம்மா உம்மட்ட ஒண்டும் கேக்கேல்லை. அவவுக்கு இது என்னெண்டு தெரியும்" என்றேன்.

அவன் கட்டிலில் இருந்தபடியே கொக்கிஸை உடைத்துத் தின்றான். அழுதுகொண்டே இரண்டு தின்றான். பிறகு அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினான்.

கமராவை வைத்துக்கொள்ளச் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு அந்தப் படம் போதும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தேவையும் இல்லாமல், அழகாக இருக்கிறது என்று பார்த்து புவனம் அக்கா எடுத்த படம் அது. எடுத்துவிட்டு அதைச் சாப்பிட்டிருக்கிறார்.