தெற்குச் சுவரில் நான் அடைத்த சீமெந்து

“மைஸ்டர்! நீங்கள் இறங்கி வாறியளோ, இல்லாட்டி நான் ஏறி வரட்டோ?”

சாரக்கட்டின் மூன்றாம் தட்டில் நின்ற என்னை அந்த அம்மா கீழே நின்று இப்படித்தான் கூப்பிடுவார். கட்டை உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கையில் கோயில் திறப்புக் கோர்வை, அதுதான் சாவிக்கொத்து. அவர் பேசினது ஜெர்மன்தான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைக்கும்போது எனக்குள் எங்கள் தமிழில்தான் கேட்கிறது. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது, பீடத்தில் மெழுகுதிரி கொளுத்துவது எல்லாம் அவருடைய வேலை. எங்கள் ஊர் வேதக்காரர், கிறிஸ்தவச் சனம், அப்படிப்பட்ட ஆளைச் சங்கிலித்தாம் என்பார்கள். நான் சைவக்காரன், எனக்கு அவர் திறப்புக்கார அம்மா. இந்த நாட்டில் மைஸ்டர் என்றால் பரீட்சை எழுதி, பத்திரம் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டின தொழில்காரன். என்னிடம் அது இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கூப்பிட்டார்.

பத்திரம் இல்லாமல் நான் வந்த தூரத்தை வேறு ஆர் வந்தவன்? ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடினவன் நான். அகதியாக வந்து சட்டி கழுவி, பிறகு கட்டட வேலையில் கல் சுமந்து, ஆறு வருஷத்தில் சொந்தக் கொம்பனி தொடங்கினேன். கல் கட்டுவதற்கு இங்கே பத்திரம் வேண்டும். கட்டின கல்லுக்கு இடையில் உள்ள நீக்கலைச் சுரண்டிப் புதுச் சாந்து அடைப்பதற்கு வேண்டாம். படித்தவர்கள் கண்ணில் படாத அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்குள்ளால் நுழைந்தவன் நான். டோர்ட்மண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் என் கை படாத செங்கல் தெரு ஒன்றைக் காட்டுங்கோ பார்ப்பம். என் பெயர் எழுதின வான் நாலு ஓடின காலம் உண்டு. பல்கலைக்கழகம் போனவர்களும் என்னிடம் வேலை கேட்டு வந்து நின்றார்கள்.

ஆனால் அந்தக் கோயில் வேறு சாதி. விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்துக் கட்டடம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் காலம் பிடிபடும். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்த சனத்துக்காகக் கட்டினது. அடி முதல் முடி வரை சிவப்புச் செங்கல். நீளப் பக்கம் தெரிய ஒரு கல், தலைப் பக்கம் தெரிய ஒரு கல் என்று மாறி மாறி வைத்த வரிசைகள். இடைக்கிடை பச்சை மெருகு பூசிச் சுட்ட கல்லால் ஒரு பட்டி. கூர் நுனி யன்னல்களைச் சுற்றி வளைகிற கற்களில் ஒன்றுகூட வெட்டி எடுத்ததில்லை. ஈரக் களிமண்ணை அச்சில் போட்டு வளைவோடேயே சுட்டிருக்கிறார்கள். வெளியில் சுவருக்கு முண்டு கொடுக்கிற தூண்கள் படிபடியாக ஒடுங்கி மேலே போகும். அடியில் தோண்டித் தோண்டி நிலம் இறங்கினதால் கோபுரம் சாடையாக ஒரு பக்கம் சரிவு. இவ்வளவு இறங்கியும் சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்கு நான் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கல்லுக்கு இடையில் இருந்தது சுண்ணாம்புச் சாந்து. அது மெத்தை மாதிரி. நிலம் அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும்.

தெற்குச் சுவரில் அந்தச் சாந்து மழையில் கரைந்து உதிரத் தொடங்கினபோதுதான் வேலை என்னிடம் வந்தது. நான் சீமெந்துப் பைகளை இறக்கினதும் திறப்புக்கார அம்மா வந்து ஒன்றைக் காலால் தட்டினார்.

“இதென்ன, மைஸ்டர்? இந்தச் சுவருக்கு எப்பவும் சுண்ணாம்புதான்.”

“சுண்ணாம்பு வசதியில்லாத ஆக்களின்ரை சாமான், அம்மா. இது சீமெந்து. நீங்களும் நானும் செத்தாப்பிறகும் நிக்கும்.”

“நீங்கள் சாகிறதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கோயில் சாகக் கூடாது.”

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் சுண்ணாம்பு வீடு என்றால் பாட்டன் காலத்துப் பழசு. சீமெந்து வீடு என்றால் கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவன் கட்டினது. சீமெந்து வாசத்தைக் காசு வாசம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். அங்கே மழை பெய்தால் மறுநாள் வெயில் உறிஞ்சிவிடும். இங்கே பழைய செங்கல் மழையைக் குடித்தால் அது சுண்ணாம்பு நீக்கல் வழியாகத்தான் மெல்ல மெல்ல வெளியே வர வேணும். அந்த வழியைச் சீமெந்தால் அடைத்தால் தண்ணி கல்லுக்குள்ளேயே நிற்கும். பனிக்காலத்தில் உறைந்து வீங்கும். கல்லின் முகத்தைப் பிய்த்துத் தள்ளும். புது வீடுகளின் கல் கடினம், அவைக்குச் சீமெந்து ஒத்துப்போனது. அதனால் எல்லாச் சுவருக்கும் அதுதான் என்று முடிவெடுத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒப்பந்தப்படி மூன்று விரற்கடை ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். பக்க வாசலுக்கு அருகில் அப்படியே செய்தேன், ஏனென்றால் அந்த அம்மா காலையும் மாலையும் வந்து கோயில் திறப்பை நீக்கலுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். ஏறி வரட்டோ என்று வெருட்டுவாரே தவிர, அவருடைய முழங்கால் ஏணிக்கு விடாது. அது தெரிந்ததும் மேலே ஒரு விரற்கடையோடு நிறுத்தினேன். அடுத்த வேலை காத்திருந்தது, பனியும் வந்துகொண்டிருந்தது.

கடைசி நாள் சாரக்கட்டுக் கழற்றும்போது கேட்டார்: “மேலையும் மூண்டோ?”

“மேலையும் மூண்டு, அம்மா. என்ரை வாக்கு.”

 அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுத்தக் கொப்பியை எடுத்தார். கோயிலில் ஒரு யன்னல் கண்ணாடி மாற்றினாலும், மழைத்தண்ணி ஓடுகிற ஒரு பீலி அடைத்தாலும் அதில் எழுதுவார். சுவரில் வைத்து எழுதினார்: தெற்குச் சுவர், சீமெந்து, எல்லா இடமும் மூன்று விரற்கடை. அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னை நக்கலாக மைஸ்டர் என்று கூப்பிட்டதில்லை; கூப்பிட்டபோதெல்லாம் மரியாதையாகவே கூப்பிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேணும்.

சில பனிக்காலம் போனது. கல் முகம் உதிரத் தொடங்கினது. கல் உள்வாங்க உள்வாங்க என் சீமெந்து மட்டும் தேன்கூட்டுச் சட்டம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் சனம் வருமுன் அந்த அம்மா செங்கல் தூளைக் கூட்டி வாளியில் அள்ளுவதை வானில் போகும்போது கண்டிருக்கிறேன். ஒரு தடவை தெருவில் மறித்து, “உங்கட சுவர் மீன் மாதிரிச் செதில் கழட்டுது, ஒருக்கா வந்து பாருங்கோ” என்றார். “கல் பழசு, அம்மா. என்ரை சீமெந்து ஒரு துளி கொட்டினதோ?” என்று கேட்டுவிட்டுப் போனேன். கூட்டுமாற்றை அவர் கடைசி வரைக்கும் விடவில்லை. அவர் செத்த பிறகு தூள் நடைபாதையில் கிடந்தது. அப்போதுதான் பூசை வைக்கிற சுவாமியாருக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் தெரிந்தது.

போன வருஷம், மாதத்துக்கு ஒருக்கா நடக்கிற தமிழ்ப் பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். என் மனைவி மாதாவுக்குத் திரி கொளுத்தப் போகிறவள், அவளோடு நானும் போனேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பக்க வாசலடியில் துளை போட்டுப் பார்த்தாராம். சீமெந்து மூன்று விரற்கடை. திறப்புக்கார அம்மாவின் கொப்பியிலும் எல்லா இடமும் மூன்று. அவ்வளவு ஆழத்துச் சீமெந்தைக் கல்லை உடைக்காமல் எடுக்க ஏலாது. தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் முழுவதும் இறக்க வேண்டும், அதற்குச் சபையிடம் காசு இல்லை. ஆகவே கோயிலைப் பூட்டி விற்பது என்று முடிவு.

எங்கள் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எத்தனை கலியாண வீட்டில் அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியிருப்பேன்!

“அண்ணை, மூண்டு விரற்கடை, இரும்புச் சுவர் எண்டு சொல்லுவியளே,” என்றான் பின்வரிசையில் ஒருத்தன், “அந்த இரும்புதான் கோயிலை விழுத்துது போல.”

மேலே ஒன்றுதான் என்பது இந்த உலகத்தில் என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் மெதுவாக, “இப்ப அந்த வாய் எங்க போட்டுது?” என்றாள்.

ஒரு விரற்கடை என்றால் கையுளியால் எடுத்துவிடலாம். சுவர் தப்பும், கோயில் தப்பும். எழும்பினேன். “மேலை மூண்டு இல்லை, ஒண்டு,” என்றேன்.

கந்தோர்ப் பெண் கொப்பியைத் தட்டினார். “இதில மூண்டு எண்டு இருக்கு. இந்த அம்மா எழுதின வேறை எதையும் நான் பிழை எண்டு காணேல்லை. நான் ஏன் உங்களை நம்ப வேணும்?”

பாருங்கோ இந்த நியாயத்தை. இத்தனை வருஷம் நான் சொன்ன பொய்யை ஒருத்தரும் துளை போட்டுப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை சபையில் எழும்பி என் மானத்தை நானே உரித்து வைத்தால், அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்! அந்திராக் எழுதித் தா என்றார்கள். விண்ணப்பத்தை என் மகள் எழுதித் தந்தாள். பிறகு தெர்மினுக்கு, அவர்கள் குறித்துத் தருகிற நாளுக்கு, காத்திரு என்றார்கள். நாலு மாதம். அதற்குள் இன்னும் ஒரு பனிக்காலம் வந்து இன்னும் எத்தனையோ கல்லைத் தின்றது. ஒரு உளியும் அரை மணித்தியாலமும் தந்திருந்தால் நானே காட்டியிருப்பேன். சுவரைத் தொட்டால் குற்றம் என்றார்கள்.

கடைசியில் உயர்த்தி வண்டி கொண்டுவந்து மேலே பன்னிரண்டு இடத்தில் துளைத்தார்கள். எல்லா இடத்திலும் ஒன்று. சுவாமியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல காலம் நீங்கள் வேலையை ஒழுங்காச் செய்யேல்லை” என்று அவர் சொல்ல, நின்ற சனம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. சரி, சிரிக்கட்டும். “சீமெந்தை நானே எடுத்துத் தாறன், ஒரு சதமும் வேண்டாம்” என்றேன். பழைய கட்டடத்தில் கை வைக்கப் பத்திரம் வேண்டுமாம். நான் கெடுக்கும்போது கேட்காத பத்திரத்தைத் திருத்தும்போது கேட்கிறார்கள்.

அது போகட்டும். எனக்கு ஆறாதது மற்றது. கந்தோர்ப் பெண் தன் அறிக்கையில், கோயில் பொறுப்பாளரின் குறிப்பு தவறானது என்று ஒரு வரி எழுதியிருந்தார். என் வாக்கை நம்பி எழுதின மனுஷி, என் பெயர் கெடாமல் சனம் காணுமுன் தினமும் தூள் அள்ளின மனுஷி, பொய்க்காரியாகக் கோப்புக்குள் போகிறார். வரியை எடுங்கோ என்றேன். எடுக்க ஏலாதாம், வேண்டுமானால் நான் எழுதிக் கையெழுத்து வைத்தால் பின்னால் சேர்த்துக் கட்டுவார்களாம். மகள் எழுதித் தாறன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்த தமிழில், அரை நாள் இருந்து, நானே எழுதினேன்.

அதை ஜெர்மனுக்கு மாற்றுகிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணை, ‘நான் அந்த அம்மாவுக்குப் பொய் சொன்னேன்’ எண்டு எழுதியிருக்கிறியள். கந்தோருக்குப் போற கடிதம். ‘தவறான தகவல் கொடுத்தேன்’ எண்டு போடட்டோ? உங்களுக்கும் மரியாதையா இருக்கும்.”

“ஐந்தாம் வகுப்புப் படிச்சவன் எழுதினது, தம்பி,” என்றேன். “எனக்குத் தகவல் எண்ட சொல்லே வராது. பொய் எண்டே போடும்.”